ஜெபிதாவுக்கு ஒரு பொட்டலம்

எனக்குக் கோவம் வந்தா மொதல்ல காது சூடாவும், பொறவுதான் வாய் தொறக்கும். அன்னைக்கு ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு. ஒண்ணரை வருஷமா ஒரே கடையில சாயங்காலம் நாலு இட்லி பார்சல் வாங்கித் திங்கவன் நான். பொங்கல் கழிஞ்ச மூணாம் நாள் போயி நிக்கேன், அடுப்புக்கு மேல ஒரு சிலேட்டு தொங்குது. பாத்திரம் கொண்டு வாரவங்களுக்கு மட்டும் பார்சல்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கு.

“இது என்னத்துக்கு?”ன்னு கேட்டேன்.

“வாசிக்கத் தெரியும்லா அண்ணாச்சி,”ன்னா செண்பகவல்லி. தலையத் தூக்கல. இட்லித் தட்டுல இருந்து துணிய உரிச்சுக்கிட்டு இருந்தா.

“நான் கடையப் பூட்டிட்டு நேரா வாரவன். பாத்திரத்துக்கு எங்கன போவேன்? எப்பவும் போல கவர்ல ஊத்திக் குடும்மா.”

“கவர் வாங்குறத நிறுத்தியாச்சு. இட்லிய இலையில மடிச்சுத் தந்திருவேன். கெட்டிச் சட்னியும் இலையில நிக்கும். சாம்பார உங்க உள்ளங்கையிலயா ஊத்த?”

பின்னால நின்ன ரெண்டு பொம்பளைங்க சிரிச்சாவ. எனக்கு வந்துச்சே ஆத்திரம். பிரியாணிக் கடையில கவர் தொங்குது, பரோட்டாக் கடையில கவர் தொங்குது, நீ மட்டும் என்ன பெரிய கலெக்டரான்னு கத்திட்டேன். அவ பதிலுக்குக் கத்தல. “பின்னால ஆளு நிக்காவ, எடத்த விடுங்க,”ன்னு மட்டும் சொன்னா.

நான் யாருன்னு சொல்லிருதேன். பேரு சாம்ராஜ், வயசு நாப்பத்தொண்ணு, தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை. லேமினேஷனும் போடுவேன். சங்கரன்கோவில்ல பாதிப் பேரோட சாதிச் சான்றும் வருமானச் சான்றும் என் கையால பிளாஸ்டிக்குள்ள போயி ஒட்டுனதுதான். அப்படிப்பட்டவங்கிட்ட வந்து கவர் கிடையாதுன்னா கோவம் வருமா வராதா? சொந்த ஊரு திருவேங்கடம். அம்மா தவறுன பொறவு அங்க இருக்கப் பிடிக்காம இங்கன வந்து ஒத்தை ரூம் வீட்டுல தனியா கெடக்கேன். சமைக்கத் தெரியாது. காலையில டீக்கடை, மத்தியானம் மெஸ்ஸு, சாயங்காலம் செண்பகவல்லி இட்லி. எல்லாம் கவர்லயே வரும், கவர்லயே குப்பைக்குப் போயிரும். வீட்டுல ஒரு தட்டுகூடக் கழுவ வேண்டியதில்ல. அதப் பெரிய சௌகரியம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு நாள் வைராக்கியமா பரோட்டா தின்னேன். மூணாம் நாள் வயிறு வழிக்கு வந்துருச்சு. சவத்த, ஒரு பாத்திரந்தானேன்னு பரண்ல ஏறுனேன்.

அந்தப் பரண்ல ரெண்டு சாக்கு மூடை இருக்கு. அதப் பத்தி யார்ட்டயும் சொன்னதில்ல. 2014ல எனக்குச் சிவகிரியில பொண்ணு பாத்தாவ. பேரு ஜெபிதா. எங்க சபையில கல்யாணத்துக்கு முன்ன மூணு ஞாயித்துக்கிழமை கோவில்ல ஓலை வாசிப்பாவ. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு அறிவிக்கது. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஓலைக்கு மொத நாள் அந்தப் பொண்ணே பாஸ்டரையாவப் பாத்து எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டா. அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டே தடவ பாத்துப் பேசுனோம், ரெண்டு தடவையும் நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்.

அதுக்குள்ள எங்கம்மா, கல்யாணத்துக்கு வாரவங்களுக்குக் குடுக்கன்னு நூத்தம்பது எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கி, ஒவ்வொண்ணுலயும் சாம்ராஜ் – ஜெபிதா, 12.5.2014ன்னு பேர் வெட்டி வச்சிருந்தாவ. பேர் வெட்டுன பாத்திரத்தக் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். எடைக்குப் போட அம்மாவுக்கு மனசு வரல. அம்மா போன பொறவு எங்க அண்ணன், உன் சாமான நீயே வச்சுக்கன்னு மூடைய லோடு ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டான். நூத்தம்பது தூக்க வீட்டுல வச்சுக்கிட்டு சாம்பார பாலித்தீன் கவர்ல வாங்கித் தின்ன கோட்டி நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஒண்ண எடுத்துக் கழுவிக் கொண்டு போயி செண்பகவல்லி முன்னால நீட்டுனேன். பேர் வெட்டியிருக்கது எனக்கு அந்த நேரம் நெனப்புலயே இல்ல. அவ வாங்கி, முந்தானையால ஈரத்தத் தொடச்சு, வெளிச்சத்துல சாச்சுப் பிடிச்சு வாசிச்சா.

“சாம்ராஜ், ஜெபிதா. மதினி பேரா அண்ணாச்சி?”

நான் “ம்”ன்னேன்.

ஏன் சொன்னேன்னா, ஒண்ணரை வருஷத்துல அன்னைக்குத்தான் அவ நிமிந்து என் மூஞ்சியப் பாத்தா. செண்பகவல்லிக்கு முப்பத்தாறு வயசு இருக்கும், தனியா இருக்கவ. புருசன் பேச்சிராஜா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயி எட்டு வருஷம் ஆச்சு, அங்கனயே வேற குடும்பமும் ஆயிருச்சு. அது தெரிஞ்சு கடை முன்னால சில பயலுவ நின்னு இளிப்பானுவ. அதனால ஆம்பள யாரு ரெண்டு வார்த்த கூடப் பேசுனாலும் எடத்த விடுங்கம்பா. என் வீட்டுல ஒரு மதினி இருக்கான்னு தெரிஞ்சதும் அவளுக்கு எங்கிட்ட இருந்த பயம் விட்டுப் போச்சு. அது எனக்கு அந்த நிமிசமே தெரிஞ்சுது. அந்த ‘ம்’ம அங்கனயே திருத்தியிருந்தா அந்த மூஞ்சி மறுபடி அடுப்பப் பாத்துத் திரும்பியிருக்கும். திருத்தல.

மறுநாள்ல இருந்து பேச்சு கிடைச்சுது. பாத்திரம்னா ஒரு நிமிசம் நிக்கணும்ல. கவருன்னா வாங்குனோமா போனோமான்னு இருக்கும். தூக்கு வாங்கி, சாம்பார் ஊத்தி, மூடியத் தட்டி, விளிம்ப வழிச்சுத் தொடச்சுத் தர வரைக்கும் நான் நிக்கலாம். எதுக்கு இந்தக் கவர் விரதம்னு ஒரு நாள் கேட்டேன். சொன்னா.

கார்த்திகையில பேஞ்ச மழையில அவ வீட்டுக்குப் பக்கத்து வாய்க்கால் அடைச்சு, தண்ணி முழங்கால் உயரத்துக்கு உள்ள வந்திருக்கு. ஒரு மூடை இட்லி அரிசி போச்சு. தண்ணி வடிஞ்ச பொறவு பாத்தா வீடு பூராவும் கவர். “நகராட்சிக்காரன வையணும்னு வாயத் தொறக்கேன் அண்ணாச்சி, ஒண்ண எடுத்துப் பாத்தா அதுல நூலு சுத்தியிருக்கு. ஊருல எல்லாரும் கவருக்கு ரப்பர் பேண்டு போடுவாவ, நான் ஒருத்திதான் தறியில கழிச்ச நூல்ல முடிச்சுப் போடுவேன். அடுத்ததப் பாக்கேன், அதுலயும் என் முடிச்சு. அடுத்தவன் ரப்பர் பேண்டு நாலு கண்ணுல பட்டிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.” சொல்லிட்டு அவளே சிரிச்சா. சிரிக்கும்போது ஒரு கண்ணு மட்டும் நல்லா சுருங்கும். அது வரைக்கும் அதப் பாத்தவன் அந்த வரிசையில நான் ஒருத்தன்தான்னு எனக்கு ஒரு திமிரே வந்துருச்சு.

அந்த வாரமே என் நாலு இட்லி மேல ஒரு சின்ன இலைப் பொட்டலம் ஏறுச்சு. “இது மதினிக்கு. பூண்டுச் சட்னி. ஆம்பளைங்க தின்னு தீத்திராதீய.” நான் வாங்கிட்டுப் போனேன். வீட்டுல போயி பொட்டலத்தப் பிரிச்சு, இல்லாதவ பங்கையும் நானே தின்னேன். மறுநாள், ஜெபிதா நல்லா இருந்துச்சுன்னு சொன்னான்னேன். அவ மூஞ்சி பூத்துப் போச்சு. அடுத்து வெங்காய ஊத்தப்பம், பொறவு ஒரு நாள் உளுந்தங்களி. ரெண்டு பேர் சாப்பாட்ட ஒருத்தன் தின்னு எனக்கு பேண்ட் இறுகுச்சு.

மதினி என்ன வேலை பாக்காவன்னு கேட்டா. திருவேங்கடம் பக்கம் ஸ்கூல் டீச்சருன்னேன். ஏன் ஒரு நாளும் கடைப் பக்கம் வரலன்னா. முட்டு வலின்னேன். பொய்க்கு எங்கிட்ட என்ன பஞ்சம், வாயத் தொறந்தா வந்து விழுந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். அவ ஜெபிதாவப் பத்திக் கேக்கும்போது நான் சொன்னது முழுக்கப் பொய்யின்னும் தோணல. வீட்டுல ஒருத்தி இருந்தா எப்படி இருப்பான்னு எனக்குள்ள பத்து வருஷமா ஒரு எண்ணம் கெடந்துச்சு, அதத்தான் எடுத்து எடுத்துச் சொன்னேன். சினிமாப் பாட்டு முணுமுணுப்பா, என்னையவிட மெதுவாத்தான் பேசுவா, நான் கத்துனா எந்திரிச்சு அடுத்த அறைக்குப் போயிருவா. எனக்கு அடுத்த அறையே கிடையாது.

“மதினி ரொம்பச் சுத்தம், தூக்கு பளபளன்னு இருக்கு,”ன்னு ஒரு நாள் சொன்னா. அன்னையில இருந்து புளி போட்டு விளக்க ஆரம்பிச்சேன். விளக்கப் பழகுன கைக்கு மத்ததும் ஒட்டிக்கிடுச்சு. மெஸ்ஸுக்கு ஒரு தூக்கு, பாலுக்கு ஒரு தூக்குன்னு மூடையில இருந்து இன்னும் ரெண்ட எடுத்தேன். கடைக்கு டீ கொண்டு வாரவன்ட்ட பேப்பர் கப்பு வேண்டாம்னு நாலு கண்ணாடி டம்ளர் வாங்கிப் போட்டேன். மஞ்சப் பைய மறந்துட்டுக் கடைக்குப் போனா, வாங்காமத் திரும்பி வரப் பழகுனேன். அவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு மாசத்துல வீட்டு மூலையில மலை மாதிரிக் கெடந்த குப்பை காணாமப் போச்சு, எறும்பு போச்சு, அந்தப் புளிச்ச வாடையும் போச்சு. குப்பை வண்டி தங்கப்பழம், “என்ன அண்ணாச்சி, ஊருக்குப் போயிட்டீயளா? ஒரு வாரமா உங்க வீட்டுக் குப்பையே வரலியே,”ன்னு கேட்டான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அத வீட்டுக்குள்ள போயி யார்ட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு.

பங்குனியில ஒரு நாள், பொட்டலத்தோட ஒரு முழம் பிச்சிப்பூ குடுத்தா. “உங்க ஆளுகள்ல சிலரு பூ வைக்க மாட்டாவன்னு தெரியும். மதினி வைக்காட்டாலும் பக்கத்துல வச்சுக்கிடச் சொல்லுங்க.” இலையில சுத்தி, வாடாம இருக்க ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுத் தந்தா. நான் அத நெஞ்சோட அணைச்சுக் கொண்டு போனேன். வீட்டுல அத என்ன செய்யன்னு தெரியல. ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுல போட்டு, தட்டுக்கு எதுத்தாப்புல வச்சுச் சாப்பிட்டேன். அறை முழுக்க மணந்துச்சு. நாப்பத்தொரு வயசுல இட்லியக் கையில வச்சுக்கிட்டு அழுதேன். வெக்கம் என்ன வெக்கம், அழுதேன்.

அன்னையில இருந்து எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். செண்பகவல்லி இந்த வீட்டுக்கு வரணும். வந்து இந்த டம்ளர்ப் பூவ எடுத்துத் தலையில வச்சுக்கிடணும். அவ இந்து, நான் கிறிஸ்தவன், அவளுக்கு இன்னும் சட்டப்படி ஒரு புருசன் வேற. அதெல்லாம்கூட எப்படியாவது பேசித் தீத்துக்கிடலாம். நடுவுல இருந்தது ஜெபிதாதான். அவள ஒழிக்காம எனக்கு வழி இல்ல, ஒழிச்சா செண்பகவல்லி பேச மாட்டா.

அதுலயும் அவ எங்கிட்டப் பேசுனதா நெனச்சுக்கிட்டு இருந்தது தப்புன்னு பையப் பைய வெளங்குச்சு. அவ பேசுனது பூராவும் ஜெபிதாகிட்ட. “மதினிட்ட கேளுங்க, வெயில்ல மாவு சீக்கிரம் புளிச்சிருது, என்ன செய்ய?” நான் போன்ல தேடிப் பாத்து, ஜெபிதா மாவு மேல ரெண்டு வெத்தல போடச் சொன்னான்னு சொல்லுவேன். “மதினிட்ட சொல்லுங்க, எதுத்த வீட்டுக்காரி இன்னைக்கும் என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.” நான் போயி யோசிச்சு, ஜெபிதா அவளக் கண்டுக்காதன்னு சொன்னான்னு மறுநாள் சொல்லுவேன். “அதான, மதினி சொன்னாச் சரிதான்,”ம்பா.

சித்திரை கடைசியில ஒரு நாள் அவ ஊத்துன சாம்பார் தூக்குக்கு வெளிய சிந்துச்சு. வரிசையில யாரும் இல்ல. “நேத்து அவரு போன் பண்ணாரு அண்ணாச்சி. அங்கன ஒத்து வரலியாம், இங்கயே வந்திரட்டுமான்னு கேக்காரு. இத ஆம்பளைங்ககிட்டப் பேச எனக்கு இஷ்டமில்ல. நீங்க கேட்டுக்கிடாதீய, மதினிட்ட மட்டும் சொல்லுங்க. அவுக படிச்சவுக. என்ன சொல்லுதாவளோ அதக் கேட்டு வாங்க.”

அன்னைக்குப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல. அந்த ஆளு வந்துட்டா எல்லாம் முடிஞ்சுது. எட்டு வருஷமா எட்டிப் பாக்காதவன் இப்ப எதுக்கு வாரான்னு எனக்குக் காது சுட்டுச்சு. மறுநாள் போயிச் சொன்னேன். “ஜெபிதா வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா. நீ தனியா நின்னு காமிச்சிட்ட, இனி எவனும் வந்து உன்னத் தாங்க வேண்டியதில்லன்னா.” அவ கண்ணு நெறஞ்சு, “எங்கக்கா உசுரோட இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பா,”ன்னா. அது நல்ல புத்திமதியா, என் சுயநலமான்னு இன்னைய வரைக்கும் எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. அவ புருசன வர வேண்டாம்னுட்டா.

இதுக்கு இடையில கடையில கூட்டம் கொறைய ஆரம்பிச்சுது. தெருக்காரங்க தூக்கோட வந்தாவ. ஆனா பஸ்ல வந்து எறங்கி வேலைக்குப் போயிட்டு, திரும்பிப் போகும்போது வாங்குத ஆளுக கையில பாத்திரம் ஏது? கரிவலம்வந்தநல்லூர், சிவகிரின்னு பஸ் ஏறுதவங்க சிலேட்ட வாசிச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிருவாவ. ஆனி பொறந்ததும் ஒரு நாள் பாதி மாவ அப்படியே மூடி வச்சிருந்தா.

“ஆடித்தபசு வரைக்கும் பாப்பேன் அண்ணாச்சி. தபசுக்கு வெளியூர்ச் சனம் தெருத் தெருவா நிக்கும். தூக்கோட எவன் சாமி கும்புட வருவான்? அப்பவும் யாவாரம் ஆகலன்னா கவருக்கே போக வேண்டியதுதான். கையில ஒரு நூறு தூக்கு இருந்தா நானே குடுத்து விட்டு மறுநாள் வாங்கிக்கிடுவேன். நூறு தூக்குக்கு நான் எங்க போக?” சொல்லிட்டு வாய்க்கால் பக்கம் பாத்தா. “என் கையால மறுபடி அந்த முடிச்சப் போட எனக்கு மனசே வரல. மதினிட்ட சொல்லுங்க.”

நான் தூக்க வாங்கிக்கிட்டு வந்துட்டேன். பரண்ல நூத்து நாப்பத்தேழு தூக்கு இருக்கு. ஒண்ணு ரெண்டு கல்யாணத்துல மிஞ்சுனதுன்னு சொல்லலாம். நூத்து நாப்பத்தேழும் உறை பிரிக்காம இருந்தா, அந்தக் கல்யாணத்துக்கு யாரும் வரலன்னுதான அர்த்தம்? குடுத்தா கடை நிக்கும், ஜெபிதா செத்துருவா. குடுக்காட்டி ஜெபிதா இருப்பா, தெனம் ஒரு பொட்டலம் வரும், செண்பகவல்லி கவர் வாங்கி முடிச்சுப் போடுவா. பேர அழிச்சிட்டுக் குடுக்கலாமான்னு ஒரு பாத்திரக் கடையில கேட்டேன். தேச்சா ஓட்டை விழுந்திரும்னான். மூணு வாரம் ஒண்ணும் செய்யாம இருந்தேன். தெனமும் போயி பொட்டலத்த வாங்கிக்கிட்டு வந்தேன். அவ ஒவ்வொரு நாளும் மதினி என்ன சொன்னாவன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கான்னேன்.

ஒரு சாயங்காலம் போறேன், அடுப்புக்குப் பக்கத்துல ஒரு கட்டுக் கவர் புதுசா இருக்கு. இன்னும் பிரிக்கல. அவ அதப் பாக்காத மாதிரி நின்னா. அவ சிரிச்சு நாலு நாள் ஆச்சுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மூடையையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனேன். வீட்டு வாசல்ல வச்சு கிரைண்டர்ல மாவு ஆட்டிக்கிட்டு இருந்தா. “என்ன அண்ணாச்சி மூடை?”ன்னு கேட்டுக்கிட்டே கைய ஒதறிட்டு வந்தா. சாக்க அவுத்தேன். மேல இருந்தத எடுத்து, உறையக் கழத்தி, வாசிச்சா. அடுத்தத எடுத்தா. அடுத்தத. நாலாவதையும் வாசிச்சிட்டு மூடைக்குள்ள எட்டிப் பாத்தா.

“எல்லாத்துலயும் மதினி பேரு.”

“ஆமா.”

“கல்யாணத்துக்கு வந்தவுகளுக்குக் குடுக்கலியா?”

“கல்யாணமே நடக்கல. ஓலை வாசிக்கும்போதே அந்தப் பொண்ணு வேண்டாம்னுட்டா. என் வீட்டுல யாரும் இல்ல செண்பகம். எப்பவும் இருந்ததில்ல.”

அவ போயி கிரைண்டர அணைச்சா. தெருவுல தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. திரும்பி வந்து என் முன்னால நின்னா. வைவான்னு நெனச்சேன். அவ ஒவ்வொண்ணா கேட்டா.

“அப்ப முட்டு வலி?”

“இல்ல.”

“வெத்தல போடச் சொன்னது?”

“போன்ல பாத்தேன்.”

“பிச்சிப்பூ?”

“டம்ளர்ல போட்டு வச்சேன்.”

கீழ கெடந்த தூக்க எடுத்து மூடைக்குள்ள வச்சா. பொறவு, “அவரு வர வேண்டாம்னு சொன்னது?”ன்னா.

“நான்தான்.”

அவ பக்கத்துல கெடந்த ஸ்டூல்ல உக்காந்துட்டா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன்னப் பிடிச்சிருந்துச்சு, உங்கிட்டப் பேசணும்னுதான் செஞ்சேன், வேற கெட்ட எண்ணம் கிடையாதுன்னு. வழக்கம் போல நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன். நான் முடிச்ச பொறவு மெதுவாச் சொன்னா.

“நான் இந்தத் தெருவுல யார்ட்டயும் பேசுறதில்ல. பேசுனா அத ஒம்பதா மாத்திப் பேசுவாவ. மதினி ஒருத்திகிட்டத்தான் மனசு விட்டுப் பேசுனேன். இன்னைக்கு மதினிக்கு என்ன செஞ்சு குடுக்கலாம்னு நெனச்சுக்கிட்டுதான் காலையில எந்திப்பேன். ஒரு நாள் முட்டு வலி சரியாகி நடந்து வருவாவ, பக்கத்துல உக்கார வச்சு சூடா ரெண்டு இட்லி வைக்கணும்னு இருந்தேன். உங்களுக்கு என்னப் பிடிக்கும்னா அத நேராச் சொல்லியிருக்கலாம். நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன், இல்ல யோசிச்சிருப்பேன். எனக்குன்னு இருந்த ஒரே சேக்காளிய இப்படிக் கொண்டு போயிட்டீயள அண்ணாச்சி.”

மூடையத் திரும்ப ஏத்தச் சொல்லுவான்னு நெனச்சு சாக்கப் பிடிச்சேன். “அத அங்கன வைங்க,”ன்னா. “தபசு வருது. உங்க மேல உள்ள கோவத்தத் தூக்கு மேல காட்ட எனக்குக் கட்டாது.” ஆட்டோக்காரனக் கூப்பிட்டு உள்ள எறக்கச் சொல்லிட்டு, கிரைண்டரப் போட்டுட்டா.

தபசு பன்னெண்டு நாளும் கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நூத்து நாப்பத்தேழும் வெளிய போச்சு, போனது மறுநாள் வந்துச்சு, வந்தது மறுபடி போச்சு. ஒண்ணு ரெண்டு சிவகிரி பஸ்ல ஏறித் திரும்பாமலும் போயிருக்கும், போகட்டும். கவர்க் கட்டு பிரிக்காமலே கடைக்காரன்ட்டத் திரும்பிப் போச்சு. இப்ப ஊருல எங்க பாத்தாலும் சாம்ராஜ் – ஜெபிதாதான். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கையில தொங்குது, தறிக்கூடத்து ஜன்னல்ல காயுது. அம்மா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாவன்னு நெனச்சுப் பாக்கேன், ஒண்ணும் தோண மாட்டேங்குது.

நானும் தெனமும் வரிசையில நிக்கேன். வேற கடைக்குப் போகலாம், மனசு கேக்கல. எம் முறை வந்தா தூக்க வாங்குதா, அளவா ஊத்துதா, மூடித் தருதா. கொறை சொல்ல ஒண்ணுமில்ல. மூஞ்சி மட்டும் அடுப்பப் பாத்தே இருக்கு. பொட்டலம் கிடையாது. அந்தப் பொட்டலத்துக்காக இல்ல, ஜெபிதா என்ன சொன்னாவன்னு யாரும் கேக்காதது எனக்குத் தாங்க முடியல. அந்திக்கு வீட்டுக்குள்ள நொழஞ்சா, ஒருத்தி இருந்து போன வீடு மாதிரி இருக்கு.

நேத்துச் சாயங்காலம் எனக்கு முன்னால கரிவலத்துல இருந்து வேலைக்கு வந்து போற ஒரு டீச்சரம்மா நின்னாவ. குடுத்த தூக்கத் திருப்பிப் பாத்துட்டு, “என்னம்மா, எல்லாத்துலயும் ஒரே பேரா இருக்கு? இந்த ஜெபிதா யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?”ன்னு கேட்டாவ.

நான் பின்னால நிக்கது செண்பகவல்லிக்குத் தெரியும். கரண்டியச் சாம்பாருக்குள்ள விட்டுக்கிட்டே சொன்னா.

“தெரிஞ்சவுகதான். ரொம்ப நல்லவுக. இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்ல.”

எனக்கும் ஜெபிதாவத் தேடுதுன்னு சொல்லணும் போல இருந்துச்சு. டீச்சரம்மா நகந்தாவ. நான் என் தூக்க நீட்டுனேன்.